வயிற்றில் பதிந்த வட்டம்

பிளஸ் ஒன் படிக்கும் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளை எட்டு வயதுத் தம்பி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கங்களில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்கு பெடல் போடுகிறான். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்குகிறது. ஹேண்டில்பார் பக்கவாட்டில் திரும்பி, அதன் முனை அவன் வயிற்றை நோக்கி நிற்க, அவன் அதன்மேல் விழுகிறான். பழைய சைக்கிளில் கிரிப் ரப்பரின் நுனி தேய்ந்து கிழிந்திருக்கும்; உள்ளே இருக்கும் இரும்புக் குழாயின் விளிம்பு வெளியே தெரியும். பையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். முழங்காலில் சிராய்த்தது எல்லோர் கண்ணிலும் படுகிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டம் ஒன்று பதிந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் குழந்தைகள் அறுவை மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். காரணம் உடற்கூறில் இருக்கிறது. பெரியவர்களின் வயிற்றில் தசையும் கொழுப்பும் தடித்த அரணாக நிற்கின்றன. குழந்தைக்கு அந்த அரண் மெல்லியது. விலா எலும்புகள் இன்னும் முழுதாக இறுகாதவை. அடிபட்டால் உடையாமல் வளைந்து, விசையை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். கல்லீரலும் மண்ணீரலும் உடலளவோடு ஒப்பிட்டால் பெரியவை, விலாக்கூட்டின் மறைவிலிருந்து சற்றுக் கீழே இறங்கி நிற்பவை. சிறுநீரகங்களைச் சுற்றியுள்ள கொழுப்பும் குறைவு. லாரி மோதியது போன்ற பெரிய விபத்தில் விசை உடல் முழுவதும் பரவுகிறது. ஹேண்டில்பார் முனையிலோ அது இரண்டு விரற்கடை வட்டத்துக்குள் குவிகிறது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் முதுகெலும்பு. இரண்டுக்கும் நடுவே நசுங்குவன முன்சிறுகுடலும் கணையமும்.

இவை நசுங்கினால் உடனே கூச்சல் போடுவதில்லை. முன்சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கசிந்து மெல்லக் கட்டி, பாதையை அடைக்கச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம். பிறகுதான் பச்சைப் பித்தமாக வாந்தி வரும். கணையம் பிளந்தால் முதலில் வலிக்கும், சற்றுத் தணியும், செரிமானச் சாறு கசிந்து சுற்றியிருப்பவற்றை அரிக்கத் தொடங்கியதும் மீண்டும் கடுமையாக வலிக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிளாரா வின்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 1998-ல் சைக்கிள் ஹேண்டில்பார் காயங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 'மறைந்திருக்கும் ஈட்டிகள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். வேகமே இல்லாத, யாரும் பொருட்படுத்தாத சறுக்கல்களில்தான் உள்ளுறுப்புகள் கிழிந்திருந்தன. அடிபட்டதற்கும் ஆபத்து தெரிந்ததற்கும் இடையே நீண்ட நேரம் கழிந்திருந்தது. சைக்கிள் கடையில் சில நிமிடங்களில் மாற்றித் தரக்கூடிய கிரிப்பை மாற்றாமல் விடக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் குழந்தையின் வயிற்றுக்கு வரும் ஆபத்து சைக்கிளோடு நிற்பதில்லை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. காலையில் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்கள், டேனரிகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகள், இவற்றுக்கு நடுவே பைக்கில் அப்பாவுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க்கின்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை. திடீர் பிரேக் போட்டால் அந்தக் குழந்தையின் வயிறு ஹேண்டில்பாரில் மோதும். பின்னாலிருந்து அப்பாவின் உடல் எடை அழுத்தும். ஏறி விழுவதற்கு மொட்டை மாடியும் புளியமரமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

பொங்கலை ஒட்டி இந்த மாவட்டங்களில் தொடங்கும் மாடு விடும் விழா இன்னொன்று. தெருவின் இரு பக்கமும் கூட்டம் நிற்க, நடுவே காளை சீறிக்கொண்டு ஓடும். குறைந்த நேரத்தில் எல்லையைத் தொட்ட காளைக்குப் பரிசு. முட்டுப்படுபவர்களில் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. கொம்புக் காயம் ஏமாற்றும். தோலில் துளை சிறிதாக இருக்கும். காளை தலையை உதறி மேலே தூக்கும்போது கொம்பின் நுனி உள்ளே அரைவட்டமாகச் சுழன்று பல திசைகளில் கிழித்திருக்கும். மண்ணும் சாணமும் கூடவே உள்ளே போகும். குடல் வெளியே வந்திருந்தால் அதைக் கையால் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியை நனைத்து மூடி, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். வயிற்றறைக்குள் புகுந்த கொம்புக் காயத்துக்கு அறுவை சிகிச்சையில் தயக்கம் கிடையாது. தயங்கி யோசிக்க வேண்டியதும் இன்றைய மருத்துவத்தின் உண்மையான திறமை வெளிப்படுவதும் தோல் கிழியாத, ஊமைக்காயமாக வரும் குழந்தையிடம்தான்.

அப்படிப்பட்ட குழந்தை ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் வீட்டில் என்ன நடக்கிறது? முதலில் அவன் சொல்வதில்லை. அண்ணன் சைக்கிளைத் தொடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அம்மா கம்பெனியிலிருந்து மாலைதான் வருவார். ஆயா கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பான். ராத்திரி வாந்தி எடுத்தால், சாப்பிட்டது சேரவில்லை என்றோ குடலேற்றம் என்றோ முடிவாகிவிடும். குடலேற்றம் என்றால் குடல் தட்டுகிறவரிடம் கூட்டிப்போவார்கள். எண்ணெய் தடவி வயிற்றை நீவி, பிசைந்து, உதறிவிடுவார்கள். கிழிந்த மண்ணீரலின்மேல் ரத்தம் உறைந்து இயற்கையாகவே ஒரு மூடி போட்டிருக்கும். அந்த மூடியைக் கலைத்துவிடக் கூடிய செயல் அது. அடிபட்ட வயிற்றைப் பிசையக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பாட்டிமார்களிடம் கொண்டுசேர்க்க முடிந்தால் போதும் என்று தோன்றுகிறது. அவர்கள் குழந்தையின் நன்மைக்காகத்தான் செய்கிறார்கள். தெரிந்தால் நிச்சயம் செய்ய மாட்டார்கள்.

இனி மருத்துவரின் கை. வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, முழங்காலை மடக்கச் சொல்வார். அப்போதுதான் வயிற்றுத் தசை தளரும். வலி எங்கே என்று கேட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குவார். கை வயிற்றில் இருக்கும், கண் குழந்தையின் முகத்தில் இருக்கும். பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றியதாக இருக்கும். தமிழும் உருதும் தெலுங்கும் புழங்கும் வட்டாரம் இது. குழந்தை வீட்டில் பேசும் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கையை அழுத்தும்போது புருவம் சுருங்குகிறதா, பேச்சு நடுவில் நின்றுபோகிறதா என்பதுதான் விடை. இருமச் சொல்வார், ஒரு காலால் குதிக்கச் சொல்வார். குதிக்க மறுக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் ஏதோ எரிச்சல் இருக்கிறது. இடது தோளில் வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால், தோளில் அடிபடாமலே அப்படிச் சொன்னால், மண்ணீரலிலிருந்து கசிந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் செல்லும் நரம்பு வேர்கள் ஒன்று என்பதால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. அழும் குழந்தை நிறையக் காற்றை விழுங்கும். இரைப்பை பலூனாக உப்பி, வயிறு இறுகி வீங்கித் தெரியும்; உள்ளே பெரிதாக ரத்தம் கொட்டுகிறது என்று நினைக்க வைக்கும். மூக்குவழியே ஒரு மெல்லிய குழாயை இரைப்பைக்குள் இறக்கிக் காற்றை வெளியேற்றியதும் வயிறு தளர்ந்து, குழந்தையின் மூச்சும் சீராகும். அதன் பிறகு தொட்டுப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. பதிந்த அடையாளத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து நேரத்தைக் குறித்துவைப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து அது பரவியிருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. முடிந்தவரை ஒரே மருத்துவரே திரும்பத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பதும் முக்கியம். குடல் கிழிசல் போன்ற காயங்கள் முதல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்துக்கு முன் இளகியிருந்த வயிறு இப்போது பலகையாக இறுகியிருக்கிறது என்பதை அதே கைதான் உணரும்.

பெற்றோர் சொல்லும் விவரமும் காயமும் பொருந்தாத குழந்தைகளும் வருவார்கள். கட்டிலிலிருந்து விழுந்தான் என்பார்கள். உள்ளே கல்லீரல் பிளந்திருக்கும். தாழ்ந்த கட்டிலிலிருந்து விழுந்து கல்லீரல் பிளப்பது மிக அரிது. வயிற்றில் குத்தோ உதையோ வாங்கிய குழந்தை அது என்ற சந்தேகம் மருத்துவருக்கு வர வேண்டும். அப்போது சிகிச்சையோடு குழந்தையின் பாதுகாப்பும் அவர் கடமையாகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

நாடியை ஏன் மணிக்கொருமுறை பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு மொத்தமே 1,600 மில்லி. பெரியவர் இரண்டு முறை ரத்த தானம் செய்யும்போது கொடுக்கும் அளவை அது இழந்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. குழந்தையின் ரத்தக்குழாய்கள் இளமையானவை. ரத்தம் குறையக் குறைய இறுக்கிப் பிடித்து அழுத்தத்தைத் தாங்கி நிறுத்தும். நூற்றுக்கு முப்பது பங்கு வரை இழந்தும் ரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கலாம். அதன் பிறகு சட்டென்று சரியும். எனவே 'பிரஷர் நார்மல்' என்ற சொல்லில் நிம்மதி அடையக் கூடாது. முதலில் மாறுவது நாடித்துடிப்பு. அழுகை நின்ற பிறகும், வலிக்கு மருந்து கொடுத்த பிறகும் அது வேகமாகவே இருந்தால் காரணம் தேட வேண்டும். கை கால் சில்லிடும். விரல் நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகும். குழந்தை சோர்ந்து பேசாமல் கிடக்கும். வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் வரும் எண்ணுக்குக் கீழே மேல் அழுத்தம் இறங்கினால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆறு வயதுக்கு அந்த எண் 82.

எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சி.டி. மிகத் தெளிவாகக் காட்டும் கருவிதான். ஆனால் அது எக்ஸ்ரே கதிர்களால் இயங்குவது. குழந்தைகளின் வளரும் செல்களுக்குக் கதிரின் தீங்கு அதிகம், அந்தத் தீங்கு புற்றுநோயாக வெளிப்பட அவர்களுக்கு ஆயுளும் நீண்டு கிடக்கிறது. யாருக்குத் தேவையில்லை என்பதை முடிவுசெய்ய அமெரிக்காவில் 20 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் சேர்ந்து 12,044 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டன. வயிற்றுச் சுவரில் அடியின் அடையாளம், நினைவு மங்கல், தொட்டால் வலி, மார்புச் சுவரில் காயம், வயிற்றுவலி என்ற புகார், மூச்சொலி குறைதல், வாந்தி ஆகிய ஏழும் இல்லாத குழந்தைகள் 5,034 பேர். அவர்களில் உடனடிச் சிகிச்சை தேவைப்படும் வயிற்றுக் காயம் இருந்தது ஆறு பேருக்கு மட்டும். கவனியுங்கள்: இந்த ஏழில் எதற்கும் கருவி வேண்டாம். ஆம்பூர் அரசு மருத்துவமனையிலோ வாணியம்பாடியிலோ பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கண்ணாலும் காதாலும் கையாலும் பார்த்துவிடலாம். இந்த ஏழில் ஒன்று இருப்பதாலேயே சி.டி. எடுக்க வேண்டும் என்று அந்த அளவுகோல் சொல்லவில்லை. அப்போதும் பல குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் கூர்ந்த கவனிப்பும் போதும். படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் வயிற்றில் ரத்தம் தேங்கியிருப்பதைக் காட்டும். அது ஒன்றும் காட்டவில்லை என்பதால் காயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பது தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் ரத்தமும் நிற்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டாமா? அறுபது ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் விடை ஒன்றுதான்: திற, மண்ணீரலை எடு. ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடோர் கோகெர், நோபல் பரிசு பெற்றவர், மண்ணீரலை எடுத்துவிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை என்று 1911-ல் எழுதிவைத்திருந்தார். 1952-ல் அமெரிக்காவின் கிங், ஷூமேக்கர் என்ற இருவர், ரத்த நோய் காரணமாக மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்குப் பின்னாளில் கடுமையான தொற்றுகள் வந்ததைப் பதிவுசெய்தார்கள். நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் வேலை. அது இல்லாத குழந்தைக்குக் காலையில் வரும் காய்ச்சல் மறுநாளுக்குள் உயிரைப் பறித்துவிடலாம்.

அப்படியானால் கிழிந்த மண்ணீரலை உள்ளேயே விட்டுவைக்க முடியுமா? கனடாவில் டொரன்டோ நகரின் நோயுற்ற குழந்தைகள் மருத்துவமனையில் சில மருத்துவர்கள் அந்தத் துணிச்சலோடு இருந்தார்கள். அங்கே பணியாற்றிய இந்தியர் ஒருவர் அதை ஆவணமாக்கினார். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவைத் துறையை வளர்த்தெடுத்த புருஷோத்தம் உபாத்யாயா அவர். சக மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சனோடு சேர்ந்து, மண்ணீரலில் அடிபட்ட 52 குழந்தைகளின் விவரங்களை 1968-ல் வெளியிட்டார். வயிற்றைத் திறந்து பார்த்த குழந்தைகள் பலருக்கு மண்ணீரலின் ரத்தக்கசிவு தானாகவே நின்றுபோயிருந்தது. சிலருக்கு அறுவையே செய்யாமல் கவனித்ததில் அவர்கள் குணமடைந்திருந்தார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. குரங்குகளின் மண்ணீரலைக் கிழித்து, அது எப்படி ஆறுகிறது என்று தன் குழுவினரோடு ஆராய்ந்து அதே ஆண்டில் எழுதினார். குழந்தையின் மண்ணீரலைப் பொதிந்திருக்கும் உறை தடித்தது, மீள்தன்மை உள்ளது. கிழிசல் பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் ஓடும் திசையிலேயே ஓடுவதால் பெரிய குழாய்கள் குறுக்காக அறுபடுவதில்லை. அறுபட்டவையும் சுருங்கி மூடிக்கொள்கின்றன.

அந்தக் கட்டுரையை உலகம் உடனே ஏற்கவில்லை. உள்ளே ரத்தம் ஒழுகும் குழந்தையைக் கத்தி எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அறுவை மருத்துவர்களுக்கு அலட்சியமாகப் பட்டது. சி.டி. பரவி, காயத்தைத் திறக்காமலே பார்க்க முடிந்த பிறகுதான் அச்சம் தெளிந்தது. இன்று நிலை தலைகீழ். நாடியும் அழுத்தமும் நிலையாக உள்ள குழந்தைகளில் மண்ணீரல், கல்லீரல் காயங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அறுவையின்றி ஆறுகின்றன. இந்திய மருத்துவரின் பெயர் இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருப்பது நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

கத்தி எடுக்கவில்லை என்பதால் சிகிச்சை இல்லை என்று ஆகாது. முதல் மணி நேரங்களில் நரம்புவழி ஊசி, அளந்து கொடுக்கும் திரவம், தேவையானால் தாமதிக்காமல் கிலோவுக்கு 10 மில்லி வீதம் ரத்தம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின். ரத்தம் ஏற்றியும் நாடி இறங்கவில்லை என்றால் இரண்டு வழிகள்: தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கசியும் ரத்தக்குழாயை மட்டும் அடைப்பது, அல்லது அறுவை அரங்கு. குடல் கிழிந்தால் பொறுத்திருக்கவே முடியாது. எனவே கவனித்துக்கொண்டிருப்பது என்ற சிகிச்சைக்கு ஓர் இடம் வேண்டும்: ரத்த வங்கி, சி.டி., குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, நள்ளிரவிலும் வரக்கூடிய அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும். இவையெல்லாம் இருக்கும் இடத்தில்தான் கத்தியை ஓரமாக வைக்கலாம். சிறிய ஊரின் நர்சிங் ஹோமில் 'காலை வரை பார்க்கலாம்' என்று சொல்வது அந்தச் சிகிச்சை ஆகாது.

இந்த வட்டாரத்துக்கு அது எட்டாத ஒன்றல்ல. அடுக்கம்பாறையில் 2005-ல் தொடங்கிய அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 2022-ல் ராணிப்பேட்டை வளாகத்தை நெடுஞ்சாலையோரத்திலேயே உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையத்தோடு திறந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் 2008 முதல் ஓடுகின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். பணத்தை எண்ணி ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டிய அவசியம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. வயிற்றில் அடையாளம் இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் சிவந்தால், குழந்தை குனிந்தே நடந்தால், சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காமல் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். நேரமும் விழுந்த விதமும் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அது அண்ணனாக இருந்தாலும் சரி.

மருத்துவமனையில் எத்தனை நாள் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. காயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். 2000-ல் அமெரிக்கக் குழந்தைகள் அறுவை மருத்துவர் சங்கம் கொடுத்த வழிகாட்டலில், கடுமையான காயங்களை விடுத்து மற்றவற்றுக்குத் தரத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் நாள்கள் மருத்துவமனை வாசம். மூன்றாம் தரம் என்றால் நான்கு நாள். 2023-ல் வந்த திருத்தம், ஸ்கேன் காட்டும் தரத்தைவிடக் குழந்தையின் நாடியும் ரத்தமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்து அனுப்பலாம் என்கிறது. பல குழந்தைகள் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பதும் தேவைப்படுவதில்லை.

வீடு திரும்பிய பிறகு தரத்தோடு இரண்டைக் கூட்டி அத்தனை வாரம் ஓட்டம், கபடி, மரம் ஏறுதல், சைக்கிள் எதுவும் கூடாது. மூன்றாம் தரக் கிழிசலுக்கு ஐந்து வாரம். வலி போய்ப் பத்தாம் நாளே தெருவுக்கு ஓடும் வயது இது என்பதால், பள்ளியில் வகுப்பு ஆசிரியருக்கும் பி.டி. ஆசிரியருக்கும் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கல்லீரல் காயம் ஆறிவரும் குழந்தை சில வாரங்கள் கழித்துக் கறுப்பாக மலம் கழித்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ மஞ்சள் காமாலை என்று பச்சிலை தேடிப் போகாமல், சிகிச்சை பார்த்த அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஈரலுக்குள் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் ஒன்றோடொன்று இணைந்து கசிவது அரிதாக நடக்கும். மண்ணீரலை எடுத்தே தீர வேண்டியிருந்த குழந்தைக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டு, பென்சிலின் மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். மண்ணீரல் இல்லை என்பதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, காய்ச்சல் எந்த நேரத்தில் வந்தாலும் அந்த நோட்டோடு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.